அலைக்கற்றையின் கதை – 11: சிப்புக்குள் இருக்கும் பூட்டு

கம்பியில்லாக் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதையே குற்றமாக்கிய 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, சென்ற இதழில் 2005 ஜனவரி அறிவிக்கை வரை வந்திருந்தோம். 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைக்கற்றையை, 4 வாட் கதிர்வீச்சு வரம்புக்குள், வீட்டுக்குள்ளும் வெட்டவெளியிலும், யாரிடமும் உரிமம் கேட்காமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அப்போது அறிவித்தது. எழுபது ஆண்டுக்கு மேல் டெல்லியின் கையில் இருந்த வானத்தின் ஒரு சிறு துண்டு பொதுமக்களுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் வைஃபை அட்டை ஒன்றை வாங்கி லினக்ஸ் கணினியில் செருகியவர் இன்னொரு உரிமத்தையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அதைத் தருவது அரசு அல்ல, சிப் தயாரித்த நிறுவனம். அந்த அட்டைக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை யார் பிரதி எடுக்கலாம், யார் பிறருக்குக் கொடுக்கலாம், யார் திருத்தலாம் என்பதை அந்த உரிமம்தான் முடிவு செய்கிறது. அலைக்கற்றையை அரசு திறந்துவிட்டதால் மட்டும் ஓர் ஊருக்கு இணையம் வந்துவிடாது, இந்த இரண்டாவது உரிமம் எந்த அளவுக்குத் திறந்திருக்கிறதோ அந்த அளவுக்கே முதல் விடுதலை பயன்படும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அதற்கு வலுவான சான்று நம் பக்கத்து மாநிலமான தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது.

தேனிக்குப் போவதற்கு முன், சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை நம் ஊரான கர்நாடகத்தின் தங்கவயலை வைத்தே பார்த்துவிடலாம். பாலாற்றை மறித்து நிற்கும் பேத்தமங்களா ஏரியிலிருந்து தங்கவயலுக்குத் தண்ணீர் ஏற்றி அனுப்பும் ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதே தடத்தில், பேத்தமங்களாவில் ஒரு மொட்டைமாடியிலிருந்து ராபர்ட்சன்பேட்டையில் இன்னொரு மொட்டைமாடிக்கு வைஃபையால் இணைப்புக் கொடுக்க நினைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் தூரம் 8 கிலோமீட்டர் என்று கொண்டால், ரேடியோ அலை அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 27 மைக்ரோ விநாடி ஆகும், பதில் திரும்பி வர இன்னொரு 27. மைக்ரோ விநாடி என்பது ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான், மனிதருக்கு இது ஒரு நேரமே இல்லை. வைஃபைக்கு இது மிகப் பெரிய காலதாமதம். வைஃபை தான் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எதிர்முனையிலிருந்து ‘கிடைத்தது’ என்ற ஒப்புதலை எதிர்பார்க்கிறது. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளுக்காக எழுதப்பட்ட அதன் விதிமுறை, அலை பயணம் செய்வதற்கென்று ஒதுக்குவது சுமார் 1 மைக்ரோ விநாடி, அதாவது 300 மீட்டர். பேத்தமங்களாவிலிருந்து போன பொட்டலம் ராபர்ட்சன்பேட்டைக்குப் பத்திரமாகவே போய்ச் சேர்ந்திருக்கும், ஒப்புதலும் கிளம்பியிருக்கும். ஆனால் அது வருவதற்குள் அனுப்பிய அட்டை பொறுமை இழந்து, பொட்டலம் தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி, மறுபடியும் அதையே அனுப்பத் தொடங்கிவிடும். ஆன்டெனா நன்றாக இருக்கலாம், சிக்னல் தெளிவாக இருக்கலாம், அரசு அனுமதியும் இருக்கலாம். இணைப்பு மட்டும் தள்ளாடும். இதைச் சரிசெய்ய வன்பொருளில் எதையும் மாற்ற வேண்டாம், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற ஒரே ஓர் எண்ணைக் கூட்டினால் போதும். அந்த எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இனி தேனிக்கு வருவோம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்து நோயாளிகளை நகரத்துக்கு அலையவிடாமல் பார்க்க வழி தேடிக்கொண்டிருந்தது. சிறு ஊர்களில் ‘விஷன் சென்டர்’ எனப்படும் கண் பரிசோதனை மையங்களை அமைத்து, அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்து, தேனி மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரோடு நோயாளியை வீடியோவில் பேசவைப்பது என்பது திட்டம். அன்றைக்கு அந்த ஊர்களில் வீடியோ தாங்கும் இணைப்பு எந்த நிறுவனத்திடமும் நியாயமான விலையில் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ‘டியர்’ என்ற ஆய்வுக் குழு மருத்துவமனையோடு கைகோத்தது. முதற்கட்டமாக ஐந்து மையங்கள் தேனியோடு இணைக்கப்பட்டன. மொத்தம் 11 ரூட்டர்கள், அவற்றுக்கிடையே 9 நேர்முக இணைப்புகள். மிகக் குறுகிய இணைப்பு 1 கிலோமீட்டர், ஆண்டிப்பட்டிக்குப் போன மிக நீண்டது 15 கிலோமீட்டர். ஆறு ரூட்டர்கள் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில் ஏறின. மற்றவை மாடிக் கம்பங்களிலும் கிடைத்த உயரமான இடங்களிலும் நின்றன, ஒன்று ஒரு நூற்பாலையின் மின்நிலையப் புகைபோக்கியில். உள்ளே இருந்தது கடையில் கிடைக்கிற சாதாரண வைஃபை அட்டைதான், அதை இயக்கியது சிறிய ஒற்றைப் பலகைக் கணினியில் ஓடிய லினக்ஸ்.

நாம் பேத்தமங்களாவில் கற்பனை செய்த அதே சிக்கல்தான் ஆண்டிப்பட்டியில் நிஜமாக இருந்தது, கூடவே இன்னொன்றும். இடைவழிக் கோபுரத்தில் ஒரே கம்பத்தில் இரண்டு அட்டைகள் இருக்கும். ஒன்று தேனியைப் பார்த்து அனுப்பும்போது மற்றது மையத்திலிருந்து வருவதைக் கேட்க முயலும், பக்கத்து அட்டையின் இரைச்சலில் எதுவும் காதில் விழாது. வழக்கமான வைஃபை இதைச் சமாளிக்கத் தெரியாத ஒன்று. டியர் குழு ‘வைல்டுநெட்’ என்ற பெயரில், இப்படிப்பட்ட தொலைதூர இணைப்புகளுக்காகவே வைஃபையின் பேச்சுவிதியைத் திருத்தி எழுதியது. ஒவ்வொரு பொட்டலத்துக்குமான தனி ஒப்புதலை நிறுத்திவிட்டு, பலவற்றுக்குச் சேர்த்து ஒரே ஒப்புதல் வைத்தது. ‘யாராவது பேசுகிறார்களா’ என்று கேட்டுவிட்டுப் பேசும் பழக்கத்தை எடுத்துவிட்டு, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி நேரத்தைப் பங்கிட்டது. 2007-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது. அதே ஆண்டில் வெனிசுலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமோலி இரண்டு மலைகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு இணைப்புக் கொடுத்தபோது, திசைக்குச் சுமார் 3 மெகாபிட் வேகத்தைத் தந்தது இந்தக் குழுவின் மென்பொருள்தான்.

இதெல்லாம் நடக்க முடிந்ததற்குக் காரணம் அவர்கள் தேர்ந்தெடுத்த அட்டையில் இருந்தது. ஏதரோஸ் நிறுவனத்தின் அன்றைய சிப்புகளில் தனியாக ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் கிடையாது. எப்போது பேசுவது, எவ்வளவு காத்திருப்பது போன்ற முடிவுகளில் பெரும்பகுதி கணினியில் ஓடி அட்டையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளின் கைக்கு வந்திருந்தது. சாம் லெஃப்லரின் உழைப்பில் உருவான ‘மேட்வைஃபை’ டிரைவர் அதைத்தான் செய்தது. தூரத்தை மீட்டரில் சொன்னால் காத்திருப்பு நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் சிறு கட்டளை ஒன்றுகூட அதனுடன் வந்தது. அதே ஆண்டுகளில் மடிக்கணினிகளில் பரவிய வேறு பல அட்டைகளில் இந்த முடிவுகள் சிப்புக்குள், மூடிய ஃபர்ம்வேரில் இருந்தன. அவற்றை வாங்கியிருந்தால் பெர்க்லியின் அறிவும் அரவிந்தின் தேவையும் இந்திய அரசின் 2005 அறிவிக்கையும் ஒன்றுசேர்ந்தும் இந்தத் திருத்தத்தை எழுதியிருக்க முடியாது. ஏதரோஸும் முழுக்கத் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேட்வைஃபைக்கு அடியில் ‘ஹால்’ என்ற இடைத்தளம் ஒன்று மூலநிரல் இல்லாமல், இரும நிலையில்தான் கிடைத்தது. சிப்பை அனுமதிக்காத அலைவரிசைகளுக்குத் திருப்பிவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஓபன்பிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத் திட்டத்தில் ரைக் ஃப்ளோட்டர் அந்த இடைத்தளத்துக்கு மாற்றாகத் தாமே ஒன்றை எழுதினார். அதன் வழிவந்த ‘ஏத்5கே’ 2008-இல் லினக்ஸின் மையமான கெர்னலில் சேர்ந்தது. அந்த ஆண்டிலேயே ஏதரோஸ் தன் புதிய சிப்புகளுக்கு முழுத் திறமூல டிரைவரை வெளியிட்டது, பழைய ஹாலின் மூலநிரலையும் தாராளமான உரிமத்தில் கொடுத்துவிட்டது. 2013-இல் அதன் யூஎஸ்பி அட்டைகளில் ஒரு வகைக்கு ஃபர்ம்வேரின் மூலநிரலே வந்தது. பிரபலமான ஒரு வைஃபை தயாரிப்பாளர் இவ்வளவு தூரம் வந்தது அரிய நிகழ்ச்சி.

மற்ற நிறுவனங்களின் வரலாறு இதைவிடக் கரடுமுரடானது. சாதாரணப் பயனர் பட்ட பாடு அங்கேதான் இருக்கிறது. பிராட்காம் நீண்ட காலம் லினக்ஸுக்கு டிரைவரும் தரவில்லை, ஃபர்ம்வேரைப் பிறர் பகிரவும் அனுமதிக்கவில்லை. தன்னார்வலர்கள் சிப்பின் நடத்தையை ஆராய்ந்து டிரைவரை எழுதினார்கள். அப்போதும் ஃபர்ம்வேரை லினக்ஸ் குறுவட்டில் சேர்க்க உரிமை இல்லாததால், ஒவ்வொரு பயனரும் விண்டோஸ் டிரைவரைத் தேடிப் பதிவிறக்கி, அதற்குள்ளிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுக்க ஒரு தனி நிரலை ஓட்ட வேண்டியிருந்தது. அதுவும் முடியாதவர்கள் ‘என்டிஸ்ராப்பர்’ வழியாக விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஓடவைத்தார்கள். 2010 செப்டம்பரில்தான் பிராட்காம் தன் புதிய சிப்புகளுக்குத் திறமூல டிரைவரும் பகிரத்தக்க ஃபர்ம்வேரும் தந்தது. இன்டெல் 2004-லிருந்தே லினக்ஸ் டிரைவர்களைத் தந்தது என்பது உண்மை. ஆனால் 2006-இல் வந்த அதன் அட்டைக்கு மூலநிரல் இல்லாத ஒரு நிரல் பின்னணியில் எப்போதும் ஓட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. எதிர்ப்பு எழுந்ததும் 2007-இல் அந்த நிரலை நீக்கியது, அது செய்துவந்த வேலை சிப்பின் ஃபர்ம்வேருக்குள் போனது. பயனரின் வட்டிலிருந்து மூடிய நிரல் மறைந்தது, அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அதே மூடிய முடிவுகள் தொடர்ந்தன. திறமூல உலகமே இதில் ஒருமனதாக இருக்கவில்லை. ஓபன்பிஎஸ்டியின் தியோ டி ராட் 2004, 2005 ஆண்டுகளில் நிறுவனங்களிடம் கேட்டது மிகச் சிறிய ஒன்று: மூலநிரல் வேண்டாம், ஃபர்ம்வேரைத் தடையின்றிப் பகிர மட்டும் அனுமதியுங்கள். ராலிங்க் போன்ற சிலர் இசைந்தார்கள், இன்டெல் அப்போது இசையவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு இன்னொரு பக்கம் போய், 2011 பிப்ரவரியில் வந்த பதிப்பில் கெர்னலோடு இருந்த கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை வெளியே எடுத்து வைத்தது.

அந்தத் தூய்மையின் விலை யார் தலையில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டது பாஸ். இப்படி ஒரு கணினியில் லினக்ஸைப் புதிதாக நிறுவ முயலும் மாணவியை எண்ணிப் பாருங்கள். நிறுவி முடித்ததும் திரையில் வைஃபை அட்டை இருக்கிறது, ஃபர்ம்வேர் இல்லை என்று ஒரு வரி வருகிறது. அதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் கம்பி இணைப்பு கிடையாது, இணையத்துக்கு இருக்கும் ஒரே வழி அந்த வைஃபைதான். பெருநகரத்தில் கேபிளைச் செருகிவிட்டு ஐந்து நிமிடத்தில் கடந்துபோகும் தடை, கேபிள் இல்லாத ஊரில் லினக்ஸையே கைவிடச் செய்யும் தடையாகிறது. டெபியன் இதை உணரப் பத்தாண்டுக்கு மேலானது. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து நிறுவும் வட்டிலேயே ஃபர்ம்வேரைச் சேர்த்தார்கள். அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். கொள்கையைக் காக்கும் செலவை, அதைத் தாங்க வழியில்லாதவரிடம் வசூலிக்கக் கூடாது. ஆனால் பகிரும் உரிமை இல்லாத ஃபர்ம்வேரை டெபியனால்கூட வட்டில் சேர்க்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். தியோ டி ராட் கேட்ட அந்தச் சிறிய உரிமை அத்தனை அடிப்படையானது.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது ஒழுங்குமுறை பற்றியது. ரேடியோ சிப்பைத் திருத்த எல்லோரையும் அனுமதித்தால் ஒருவர் சக்தியைக் கூட்டுவார், இன்னொருவர் விமான நிலைய வானிலை ரேடாரின் அலைவரிசையில் நுழைவார், ஆகவே பூட்டு அவசியம் என்கிறார்கள். இது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. போர்ட்டோ ரிக்கோவின் சான் உவான் விமான நிலைய ரேடாருக்கு வைஃபைக் கருவிகளால் இடையூறு ஏற்பட்டதும் அதற்கு அபராதம் விதிக்கப்பட்டதும் நடந்தவை. ஆனால் பூட்டு இதைத் தடுக்கிறதா என்று சான்றுகளைக் கேட்டால் பதில் வேறாக இருக்கிறது. 2016 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் டிபி-லிங்க் நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? நிறுவனத்தின் சொந்த மென்பொருளிலேயே நாட்டின் பெயரை மாற்றிவைத்தால் வரம்பை மீறிய சக்தியில் ரூட்டர் இயங்கியது. அந்த உடன்பாட்டிலேயே, பிறர் எழுதும் திறமூல ஃபர்ம்வேரைத் தன் ரூட்டர்களில் ஏற்ற வழிசெய்ய வேண்டும் என்று நிறுவனத்தை ஆணையம் ஒப்புக்கொள்ளவைத்தது. மூடியிருந்த மென்பொருள் சட்டத்தை மீறியது, திறந்த மென்பொருளுக்குச் சட்டத்தின் காவலரே இடம் கேட்டார். 2008-இல் ஏதரோஸ் தன் ஹாலைத் திறந்துவிட்டதாலும் வானம் குழம்பிப் போகவில்லை. வரம்பை மீறுகிறவரைத் தண்டிக்க நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. மீறுகிறவர் ஒருவருக்காக, வரம்புக்குள் நின்று ஆண்டிப்பட்டிக்கு இணைப்புக் கொடுப்பவரின் கையையும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு கட்டற்ற மென்பொருள்காரர்களிடமிருந்தே வருவது. சிப்புக்குள் இருப்பதை வன்பொருளின் பகுதியாகவே கொள்ளலாம், டிரான்சிஸ்டரின் வரைபடத்தை நாம் கேட்பதில்லை, ஃபர்ம்வேரை மட்டும் ஏன் கேட்கிறோம் என்பது அது. யாராலும் மாற்ற முடியாதபடி தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டது என்றால் இந்த வாதம் நிற்கும். ஆனால் இன்றைய ஃபர்ம்வேர் கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் வட்டிலிருந்து ஏற்றப்படுகிறது, அதைத் தயாரிப்பாளர் விரும்பியபோது மாற்றுகிறார். ஒருவர் மாற்ற முடிகிற, இன்னொருவர் மாற்ற முடியாத ஒன்றை வன்பொருள் என்று அழைப்பது பொருந்தாது. 2017-இல் இதன் அபாயம் வெளிப்படையாகவே தெரிந்தது. பிராட்காம் வைஃபை சிப்பின் ஃபர்ம்வேரில் ‘பிராட்பவுன்’ என்று பெயரிடப்பட்ட ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பயனர் எதையும் தொடாமலே, அருகில் இருக்கும் ஒருவர் காற்றுவழியாக சிப்புக்குள் புக முடிந்தது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் அந்தச் சிப்புகள் இருந்தன. கூகிளும் ஆப்பிளும் ஜூலையில் திருத்தம் வெளியிட்டன. தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட பழைய ஃபோன்களுக்கு அது போய்ச் சேர வழியில்லை, மூலநிரல் இல்லாததால் வேறு யாரும் சரிசெய்து கொடுக்கவும் முடியாது. இரண்டாம் கை, மூன்றாம் கைக் கருவிகளில் வாழும் நம் போன்ற ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

இப்போதெல்லாம் எல்லாம் தானாக வேலை செய்கிறதே, பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. பெரும்பாலான மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவியதும் வைஃபை ஓடுகிறது, உண்மைதான். அந்த நிம்மதிக்குப் பின்னால் நாம் விட்டுக்கொடுத்தது என்ன என்பதை இந்தியாவின் 2018 அனுபவம் காட்டுகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை உரிமம் இல்லாத பயன்பாட்டுக்கு வந்தது. எந்த நாட்டில் எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்பதை லினக்ஸ் ஒரு பொதுப் பட்டியலில் வைத்திருக்கிறது. இந்தியாவின் சட்டம் மாறினால், அறிவிக்கையை ஆதாரமாகக் காட்டி யாரும் திருத்தம் அனுப்பலாம், அந்தப் பட்டியலில் சில வரிகள் மாறினால் போதும். டிரைவர் அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்படும் அட்டைகளில் இது தானே வந்து சேர்கிறது. ஆனால் இன்டெலின் பிற்கால அட்டைகள் போன்றவற்றில் இந்த முடிவை ஃபர்ம்வேரே எடுக்கிறது, சுற்றிலும் கேட்கும் சிக்னல்களை வைத்துத் தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அதுவே ஊகிக்கிறது. இந்திய அரசு ஒரு பகுதியைத் திறந்துவிட்ட பிறகும், தயாரிப்பாளர் புதிய ஃபர்ம்வேர் வெளியிடும்வரை அந்த அட்டைக்கு அது மூடியே இருக்கும். பழைய அட்டை என்றால் எப்போதுமே மூடியிருக்கலாம். டெல்லி கொடுத்ததைக் கொடுக்காமல் வைத்திருக்கும் அதிகாரம் வேறொரு நாட்டின் நிறுவனத்துக்கு இருக்கிறது.

மத்திய அரசு 2015-இல் தன் அலுவலகங்களுக்கான திறமூல மென்பொருள் கொள்கையை அறிவித்தது. மென்பொருள் வாங்கும்போது திறமூலத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது அதன் சாரம். பள்ளிக்கும் ஊராட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கணினியும் ரூட்டரும் வாங்கும் டெண்டர்களில் இன்னும் இரண்டு வரிகள் சேர வேண்டும். ஃபர்ம்வேரைக் கட்டணமின்றிப் பகிரும் உரிமம் அட்டையோடு வர வேண்டும் என்பது ஒன்று. தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்தும் நாளில் அதன் மூலநிரலை வெளியிட வேண்டும் என்பது மற்றொன்று. லட்சக்கணக்கில் கருவி வாங்கும் ஓர் அரசு கேட்டால் நிறுவனங்கள் செவிசாய்க்கும். தனியொரு பயனரின் மின்னஞ்சலுக்கு அந்த வலு இல்லை. ஆனாலும் நீங்கள் வாங்கும்போது, பெட்டியின் மேல் இருக்கும் பிராண்டின் பெயரோடு நின்றுவிடாமல், உள்ளே எந்த நிறுவனத்தின் எந்தச் சிப் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அதன் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறதா, ஃபர்ம்வேரைப் பகிர உரிமம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.